உத்தரவு கொடுத்த கிடாக்கள்

எங்கள் ஊர் ஏரிக்கரைக் கருப்பையா சாமிக்குக் கிடா நேர்ந்துகொண்டவர்கள், போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வரைக்கும் சந்தைக்குப் போக மாட்டார்கள். நேராக நல்லதம்பி பட்டிக்குத்தான் வருவார்கள்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிடாவை வெட்டுவதற்கு முன்னால் அதன் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது தலையைச் சிலுப்பி உடம்பை உதற வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாத கிடாவை வெட்டக் கூடாது. சில கிடா தண்ணீர் பட்டதும் சிலுப்பிவிடும். சிலது கல் மாதிரி நிற்கும். நேர்ந்துகொண்ட குடும்பம் கைகூப்பிக்கொண்டு வெயிலில் நிற்கும். மாமியார் மருமகளைப் பார்ப்பாள், மருமகள் புருஷனைப் பார்ப்பாள், யார் செய்த குற்றமோ என்று. அப்படி நிற்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது.

நல்லதம்பி பட்டிக் கிடா ஒருத்தரையும் அப்படி நிற்க வைத்ததில்லை. தண்ணீர் மேலே விழுவதற்குள் சிலுப்பும்.

நல்லதம்பியின் அப்பா பிறத்தியார் ஆட்டை மேய்த்தவர். நல்லதம்பியும் சின்ன வயதில் அந்த வேலைதான் பார்த்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தக் குட்டிகள் சேர்த்து, ஏரிக்கு மேற்கே கருவேல முள் அடைத்துப் பட்டி போட்டார். எல்லாம் கறுப்புச் செம்மறி. ஆள் குள்ளம், குரலும் சின்னக் குரல். ஊர்க்கூட்டத்தில் பேச எழுந்தால், "உக்காருங்க மாமா, ஒன்னும் கேக்கல" என்று உட்கார வைத்துவிடுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு இந்தக் கிடாக்களால் ஒரு மரியாதை வந்தது. திருவிழாவில் முதல் கிடா அவர் பட்டியிலிருந்து வர வேண்டும் என்று ஆனது. பூசாரி வைரக்கண்ணு முதல் விபூதியை அவர் நெற்றியில் பூசினார். அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போகும்வரை நெற்றியைத் துடைக்காமல், வியர்வை கண்ணில் இறங்கினாலும் பொறுத்துக்கொண்டு நடந்ததை ஊரே பார்த்தது.

சிலுப்புகிற ஆடாக அவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்தார். சந்தைக்குப் போனால் பல்லைப் பார்க்க மாட்டார், முதுகைத் தட்டிப் பார்க்க மாட்டார். ஒரு செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு, கிடாக்குட்டிகள் மூஞ்சியில் உள்ளங்கையால் தெளிப்பார். எது தும்மித் தலையைச் சிலுப்புகிறதோ அதை வாங்குவார். சந்தைக்காரர்கள் சிரிப்பார்கள்.

"நல்லதம்பிண்ணே, மூக்கு ஒழுகற குட்டியா பொறுக்கிக்கிட்டுப் போறியே, எல்லாத்துக்கும் கஷாயம் போடப் போறியா?"

"நீ வித்துட்டுப் போ. அதோட அருமை உனக்குத் தெரியாது" என்பார்.

உச்சி வெயிலில் அந்த ஆடுகள் மேயாது. வட்டமாகக் கூடி, ஒன்றின் வயிற்றுக்கடியில் ஒன்று மூக்கைப் புதைத்துக்கொண்டு நிற்கும். திடீரென்று காலை உதைத்து ஓடும், மறுபடி வந்து மண்ணில் மூக்கை வைத்துக் குனிந்து நிற்கும். "கும்புடுதுங்க பாரு" என்று நல்லதம்பி கையெடுப்பார். அவர் பெண்சாதி ராசாத்திக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"நான் சொன்னா ஒரு நாளாவது தலையாட்டியிருக்கியா? ஆடு தலையாட்டுனா மட்டும் அப்படியே உருகிப் போற" என்பாள்.

கால்நடை மருந்தகத்தில் டாக்டரம்மா பிரவீணாவுக்கு உதவியாக இருந்தவர் தர்மன். எங்கள் ஊர்க் காலனிக்காரர். அவர் அப்பாவும் அம்மாவும் எங்கள் வயல்களில் கூலி வேலை பார்த்தவர்கள். இவர் படித்து அரசாங்க வேலைக்குப் போனார். ஐஸ் போட்ட பெட்டியை சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆடு மாடுகளுக்குத் தடுப்பூசி போடுவார். அதிர்ந்து பேச மாட்டார். ஒரு தடவை நல்லதம்பி பட்டியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு கிடாவின் மூக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இதுங்களுக்கு மூக்குல புழு இருக்கற மாதிரி தெரியுதுங்க. ஒரு ஈ வந்து மூக்குல புழுவ விட்டுட்டுப் போயிடும். பூச்சி மருந்துதான் வேணாங்கறீங்க, டாக்டரம்மாகிட்ட ஒரு தடவ காட்டிப்புடுங்க."

நேர்ந்துவிடுகிற கிடாவுக்கு நோய் மருந்து கொடுத்தால் தீட்டு என்று நல்லதம்பி வைத்திருந்தார். தடுப்பூசிக்கு மட்டும், அதுவும் ராசாத்தி சண்டை போட்டதால், விட்டார். மற்றவர்கள் பட்டியில் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பூச்சி மருந்து போடுவார்கள். இவர் பட்டிக்கு அது போனதே இல்லை. தர்மன் சொன்னது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"சாமி வந்து எறங்கற மூக்கு இது. இதுல புழுவுங்கிற. பேசற உன் வாயில புழு வைக்காம பாத்துக்க" என்றார்.

தர்மன் மிச்ச ஆட்டுக்கும் போட்டு முடித்து, ஊசியைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த பட்டிக்குப் போனார்.

அந்த வருஷம் ஐப்பசியில் விடாமல் மழை. மழை விட்டதும் ஆட்டுக்கொல்லி நோய் வந்தது. வாயெல்லாம் புண், கழிச்சல், மூச்சு இரைப்பு. ஊரில் தர்மன் ஊசி போட்ட பட்டிகளில் பெரிய சேதம் இல்லை. நல்லதம்பி பட்டியில் மட்டும் குட்டிகள் வரிசையாக விழுந்தன. காலையில் ஒரு குட்டியைப் புதைத்துவிட்டு வந்தால் சாயங்காலம் இன்னொன்று கால் நீட்டியிருக்கும். ராசாத்தி பட்டிக்குள் உட்கார்ந்து, செத்த குட்டியின் தாயை மடியில் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

அப்போது யாரோ பேச்சுவாக்கில் ஒரு வார்த்தையைப் போட்டார்கள். "அன்னிக்கு நீ அவன ஏசுன இல்ல. பாட்டில்ல தண்ணியக் கலந்து உனக்கு மட்டும் போட்டுட்டுப் போயிட்டான்." யார் சொன்னது என்று இப்போது கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனவர் நல்லதம்பிதான். அன்றைக்கு அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது.

தர்மனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவரோடு அவர் பெண்சாதி வெற்றிச்செல்வியும் வந்தாள். கோயில் எல்லையில் ஒரு வேல் நட்டிருக்கும். காலனிக்காரர்கள் அதைத் தாண்டி உள்ளே வருவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் இருந்தது. வேலுக்கு வெளியே ஒரு கல்லைப் போட்டு அதில் சூடம் ஏற்றினார்கள்.

"தண்ணி கலக்கலன்னா சூடத்த அடிச்சு அணைச்சு சத்தியம் பண்ணு" என்றார் நல்லதம்பி.

"பாட்டில்ல என்ன வந்துச்சோ அதத்தான் போட்டேன். எல்லாப் பட்டிக்கும் ஒரே பாட்டில். டாக்டரம்மாகிட்ட கேட்டுக்கலாம்" என்றார் தர்மன்.

"டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும்? அவங்களா வந்து போட்டாங்க?"

வெற்றிச்செல்வி முன்னால் வந்தாள். "உள்ள வரக் கூடாதுங்கறீங்க. சத்தியம் பண்ண மட்டும் எங்க கை வேணுமா?" என்று கேட்டாள்.

வைரக்கண்ணு பூசாரி தரையைப் பார்த்தார். தர்மன் அவளைக் கையமர்த்திவிட்டு, குனிந்து, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். கையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

சத்தியம் பண்ணியவரை நம்ப வேண்டும் என்பதுதான் முறை. ஊர் நம்பவில்லை. "நம்ம ஆட்டுக்கு டாக்டரம்மாவே வந்து போட்டா நல்லது" என்று ஒவ்வொருத்தராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். தர்மன் சைக்கிள் எங்கள் தெருவில் வருவது நின்றது. பக்கத்து ஊர்களிலும் பேச்சு பரவி, பெட்டியைத் திறக்கும்போதே, "புது மருந்துதானே?" என்று கேட்டார்களாம். கடைக்கு வந்த வெற்றிச்செல்வியைப் பார்த்து, "உங்க வீட்டுக் குழாயில தண்ணி நல்லா வருதா?" என்று ஒருத்தன் கேட்டுச் சிரித்தான். வாங்க வந்ததை வாங்காமல் போய்விட்டாள். அதை நல்லதம்பியும் அங்கே நின்று பார்த்தார்.

தை பிறந்தது. திருவிழாவில் முதல் கிடாவாகக் கொடுக்க ஒரு பெரிய கிடாவை அவர் வளர்த்துக்கொண்டிருந்தார். கொம்பு சுருண்டு, கழுத்து கனத்து, பட்டியிலேயே அதிகம் சிலுப்புகிற கிடா. அது திடீரென்று வட்டம் சுற்ற ஆரம்பித்தது. தலையைத் தூக்கி ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றியது. "அருள் முத்திப் போச்சு" என்று நல்லதம்பி திருநீறு போட்டார். பிறகு அது தின்னவில்லை. படுத்த இடத்திலேயே செத்துவிட்டது.

"நீ டாக்டரம்மாவக் கூப்பிடப் போறியா, நான் போகட்டுமா?" என்றாள் ராசாத்தி. அவர் கிடாவின் பக்கத்தை விட்டு எழவில்லை. அவளே போய்க் கூட்டிவந்தாள்.

டாக்டரம்மா ஸ்கூட்டியில் தனியாக வந்தார். கூட வர வேண்டிய தர்மன் வரவில்லை. கிடாவை நன்றாகப் பார்த்துவிட்டு, "தலையப் பொளந்து பாக்கணும்ணே. கோடாலி இருக்கா?" என்று கேட்டார். நல்லதம்பியே எடுத்து வந்து, அவர் காட்டின இடத்தில், கொம்புக்குக் கீழே மூக்கெலும்போடு சேர்த்துப் பிளந்தார்.

உள்ளே புழுக்கள் இருந்தன. ஒவ்வொன்றும் விரல் கணுவளவு. வெளுத்த உடம்பு, முதுகில் குறுக்கே கறுப்பு வரி. சில இன்னும் நெளிந்துகொண்டிருந்தன. கொம்பின் அடிக்குழியில் நெல் கொட்டி வைத்த மாதிரி நெருக்கமாக அடைந்திருந்தன. நல்லதம்பி கோடாலியைக் கீழே போட்டார்.

டாக்டரம்மா சொன்னதை எனக்கு விளங்கின மட்டும் எழுதுகிறேன். ராசாத்திதான் கேள்வி கேட்டாள். அவளே பிறகு எல்லோரிடமும் சொன்னாள்.

"இம்புட்டுப் புழு இருந்தும் காய்ச்சல் இல்ல, வீக்கம் இல்ல. நல்லாத் தின்னுச்சே அம்மா?"

"அதுதான் இதோட கெட்டிக்காரத்தனம். உங்க கால்ல முள்ளு குத்துனா என்ன ஆகும்?"

"வீங்கும். சீழ் வைக்கும்."

"வெளியிலேருந்து ஒன்னு வந்துடுச்சுன்னு உடம்பு சண்டைக்குப் போகுது. ரத்தத்துல அதுக்குன்னே ஆளுங்க இருக்காங்கன்னு வெச்சுக்குங்க. இந்தப் புழு வாயிலேருந்து ஒரு நீர் விடும். சண்டைக்கு வர்றவங்க கையில இருக்கற ஆயுதத்தையே அந்த நீர் அறுத்துப் போட்டுடும். மிச்சம் வர்றவங்களும் மந்தமாயிடுவாங்க. உடம்பு அதைக் கண்டுக்காம விட்டுடும். புழு மாசக்கணக்கா உள்ளயே இருந்து கொழுக்கும்."

"சரி, அப்ப குட்டிங்க? ஊசி போட்டும் செத்துச்சே?"

"ஊசியில இருக்கறது நோயத் தீர்க்கற மருந்து இல்ல. நோயோட சாயல உடம்புக்குக் காட்டி, இது வந்தா அடின்னு பழக்கறோம். பழக வேண்டிய உடம்ப இந்தப் புழு ஏற்கெனவே மந்தமாக்கி வெச்சிருந்தா, ஊசி சரியாப் பிடிக்காமப் போகலாம். இதுதான் காரணம்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. மழையும் ஒரு காரணமா இருக்கலாம். ஆனா ஒன்ன அடிச்சுச் சொல்லுவேன். அதே பாட்டில்ல ஊசி போட்ட மத்த பட்டி ஆடெல்லாம் உயிரோட நிக்குது. தர்மன் மேல தப்பு இல்ல."

நல்லதம்பி பிளந்த தலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்ப அதுங்க சிலுப்புனது?"

டாக்டரம்மாவுக்கு நல்ல மனசு. "மூக்குக்குள்ள இவ்வளவு நெளிஞ்சா யாரா இருந்தாலும் சிலுப்பத்தான்ணே செய்வாங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

"வெயில்ல தலையக் குனிஞ்சு நிக்குமே?"

"ஈ வந்து மூக்குல புழுவ விடாம மறைச்சுக்கறதுக்கு."

நல்லதம்பி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வருஷக்கணக்காக அவர் சந்தையில் தேடித் தேடி, தண்ணீர் தெளித்துப் பார்த்து, வீட்டுக்குக் கூட்டிவந்தது அருளை இல்லை. "இத யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா" என்றார்.

"நான் ஏண்ணே சொல்லப் போறேன்? மத்த ஆட்டுக்குப் புழு ஊசிய நானே போட்டுடறேன். ஊசி போட்ட ஆட்ட ஒரு மாசத்துக்கு மேல ஆகாம அறுக்கக் கூடாது, அது மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. ஆனா தர்மன் இந்தத் தெருவுக்கு வர மாட்டேங்கறாரு. அதுக்கு என்ன செய்யப் போறீங்க?"

நல்லதம்பி எழுந்து ஊசிக்கு முதல் ஆட்டைப் பிடித்து வந்தார்.

மருந்து பாதி மந்தைக்குத்தான் இருந்தது. மீதிக்கு அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டு டாக்டரம்மா போனார். ஊசி போட்ட ஆடுகள் தும்மித் தும்மிப் புழுவை வெளியே தள்ளின. நல்லதம்பி அதைக் கூட்டி அள்ளி, யார் கண்ணிலும் படாமல் சாம்பலோடு புதைத்தார். திருட்டுப் பொருளைப் புதைக்கிறவர் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு புதைத்தார்.

அந்த இடைவெளியில் மீன்சுருட்டியிலிருந்து சின்னம்மாள் என்று ஒரு அம்மா வந்தாள். அவள் பிறந்த ஊர் எங்கள் ஊர்தான். மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக ஆனதற்கு நேர்த்திக்கடன். பஸ் மாறி மாறி அத்தனை தூரம் வந்திருந்தாள். ஊசி போடாத கிடா ஒன்றைக் காட்டி, "இது எப்படிங்க?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் தன் பாட்டில் தண்ணீரை எடுத்துத் தெளித்தாள். கிடா படபடவென்று சிலுப்பியது.

அந்த அம்மா அழுதேவிட்டாள். "என் கொழந்த பொழச்சதே பெருசு. அய்யா இங்கயே உத்தரவு குடுத்துட்டாரே" என்று கிடாவைக் கும்பிட்டாள். பிறகு நல்லதம்பியையும் கும்பிட்டாள். அவரைவிட வயதில் மூத்த பொம்பளை. அவர் தடுக்கவும் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை. கிடாவை அவள் அமர்த்திய வண்டியில் ஏற்றிக் கட்டிவிட்டு வந்து, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தார். பிசைந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் ராசாத்தி.

"எப்படிடி சொல்றது?"

"வாயாலதான். அன்னிக்குக் கோயில்ல சொன்னியே, அதே வாயால."

அவருக்கு அதற்கு மேல் கோயில் பக்கம் போகக் கால் வரவில்லை. சொன்னால், அவரிடம் கிடா வாங்கி நேர்த்தி தீர்த்தவர்கள் எல்லாம் என்ன நினைப்பார்கள்? சாமிக்குப் புழுத்த கிடாவைக் கொடுத்தோமே என்று எத்தனை வீட்டில் அழுவார்கள்? தனக்கு ஊர் கொடுத்த ஒரே மரியாதை என்ன ஆகும்? சொல்லாவிட்டால் தர்மன் தண்ணீர் கலந்தவராகவே இருப்பார். இரண்டையும் போட்டு மனசுக்குள் உருட்டிக்கொண்டே பங்குனியும் சித்திரையும் போய்விட்டன. வழியில் தர்மன் சைக்கிள் வந்தால் இவர் வரப்பில் இறங்கிக்கொள்வார். தர்மன் எதிரே ஆள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாமல் போய்விடுவார்.

வைகாசியில் திருவிழா. முதல் கிடா கொண்டுவரச் சொல்லி ஆள் வந்தது. மாட்டேன் என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. பட்டியில் அப்போது எல்லா ஆட்டுக்கும் ஊசி போட்டு, கெடுவெல்லாம் தாண்டியிருந்தது. ஒரு நல்ல கிடாவைக் குளிப்பாட்டி, மாலை போட்டுக் கூட்டிப்போனார்.

வைரக்கண்ணு மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். கிடா நின்றது. மறுபடி தெளித்தார். அது கழுத்தில் கிடந்த மாலையில் ஒரு பூவைக் கடித்துத் தின்றது. கூட்டத்தில் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் அடங்கியது. உடுக்கையை வேகமாக அடித்தார்கள். குடத்தையே கவிழ்த்தார்கள். தண்ணீர் சொட்டச் சொட்டக் கிடா சாதுவாக நின்றது.

"நல்லதம்பி பட்டிக் கிடாவா இது?" என்று பின்னாலிருந்து ஒருத்தர் கேட்டார். "வெலைக்கு வாங்கிட்டு வந்துட்டாரா?"

வெயில் ஏறியது. வைரக்கண்ணுவுக்கு வியர்த்தது. உத்தரவு வராவிட்டால் எங்கள் பக்கம் பூசாரி ஒன்று கேட்பார். அதைக் கேட்டார். மைக் அவர் பக்கத்தில்தான் இருந்தது.

"அய்யா தயங்கறாரு. யார்கிட்ட என்ன குத்தம் இருந்தாலும் இங்க சொல்லிப்புடுங்க. அவர் காலடியில போட்டுட்டா அவர் பொறுத்துக்குவாரு."

எல்லோரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நல்லதம்பி கிடாவின் கயிற்றைப் பிடித்தபடியே பேசினார். அவர் குரல் சின்னதுதான். ஆனால் மைக் வாங்கிக்கொண்டது. ஏரிக்கரைப் புளியமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயில் அது ஊர் முழுக்கக் கேட்டது.

"அய்யா மேல ஒன்னும் இல்ல. கிடா மேலயும் ஒன்னும் இல்ல. இதுக்கு மூக்குல புழு இருந்துச்சு, எடுத்தாச்சு. அதான் சிலுப்பல. இவ்வளவு நாளும் என் ஆடு சிலுப்புனது புழுவாலதான். எனக்குத் தை மாசமே தெரியும். தெரிஞ்சும் ஒரு கிடாவ வித்தேன். தர்மன் முன்னாடியே சொன்னாரு, நான்தான் அசிங்கமா ஏசுனேன். அவரு தண்ணி கலக்கல. ஒரு தப்பும் பண்ணாத மனுஷன நெருப்ப அடிக்க வெச்சேன். குத்தம் என்கிட்டதான் இருக்கு."

உடுக்கை நின்றது. பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருத்தர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இந்தப் புழு மூக்கனுக்கா முதல் விபூதி வெச்சோம்?" என்றார். அந்தப் பேர் நல்லதம்பிக்கு இன்றுவரை இருக்கிறது. கூட்டத்தில் ஒரு பெண், "அப்ப என் புள்ளைக்கு நேர்ந்தது சேரலையா?" என்று அழுதாள்.

வைரக்கண்ணு அவளுக்குப் பதில் சொன்னார். "நீ மனசாரக் குடுத்தம்மா. அய்யா அதத்தான் எடுத்துக்கிட்டாரு. புழு பாத்தா அவரு வாங்குவாரு? நம்மளுக்குள்ள இல்லாத புழுவா?" எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஆனால் அவர் நல்லதம்பியைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. கிடா கடைசி வரை சிலுப்பவில்லை. அவிழ்த்துக் கூட்டிப்போகச் சொன்னார்கள். அந்த வருஷம் முதல் கிடா வேறு வீட்டிலிருந்து வந்தது.

சின்னம்மாளுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அவளிடமிருந்து ஒரு பதிலும் வரவில்லை. நேர்த்திக் கிடா கேட்டு அதற்குப் பிறகு அவர் பட்டிக்கு யாரும் வரவில்லை. லப்பைக்குடிக்காட்டுக் கறிக்கடைக்காரர்கள் வந்து வாங்கிப்போகிறார்கள். அவர்களுக்கு ஆடு சிலுப்ப வேண்டாம், கறி இருந்தால் போதும்.

கோயிலில் சொல்லிவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நல்லதம்பி நினைத்திருந்தார். அடுத்த தடுப்பூசி வந்தபோதுதான் தெரிந்தது. தர்மன் எங்கள் தெருவுக்கு வந்தார். மற்றவர்கள் பட்டியில் போட்டார். நல்லதம்பி பட்டிக்கு முன்னால் சைக்கிள் நிற்கவில்லை. "நானே போட்டுடறேன்ணே" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். நல்லதம்பி, "அவர் கையால போட்டாத்தான்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் மந்தையை அவிழ்த்துவிட்டார்.

மந்தை ஊர் நடுத்தெரு வழியாகப் போயிற்று. "மாமா, அந்தப் பக்கம் என்ன மேய்ச்சல்?" என்று டீக்கடையில் கேட்டார்கள். "புழு மூக்கரு காலனிக்குக் குடி போறாரு" என்று ஒருத்தன் சொல்லச் சிரித்தார்கள். அவர் கோலை ஊன்றிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் போனார். கோயில் எல்லையில் நட்ட வேலைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, தர்மன் வீட்டு வாசலில் போய் நின்றார். தெருவை அடைத்துக்கொண்டு ஆடுகள் நின்றன.

வெற்றிச்செல்வி வெளியே வந்தாள். "என்னங்க இது?"

"ஊசி போடணும்."

"அதுக்கு ஆட்ட இங்க ஓட்டிக்கிட்டு வருவாங்களா?"

"அவரு அங்க வரலியே, தாயி. கோயில்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்."

"குழாயில கேட்டுச்சு. சமைச்சுக்கிட்டிருந்தேன். ஊருக்குச் சொன்னீங்க, சாமிக்குச் சொன்னீங்க. அவர்கிட்ட சொன்னீங்களா?"

தர்மன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். நல்லதம்பி வரும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தார். தர்மன் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"உங்க மூஞ்சியப் பாக்க வெக்கமா இருக்குங்க" என்றார்.

தர்மன் ஆடுகளைப் பார்த்தார். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஊர் ஊராப் பெட்டியத் தொறக்கறப்ப எல்லாம்" என்றார். பிறகு உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தார். "ஐஸ் கரையறதுக்குள்ள முடிக்கணும். ஒவ்வொன்னாப் புடிங்க."

நல்லதம்பி ஒவ்வொன்றாகப் பிடித்தார். தர்மன் போட்டார். ஊசி போடும்போது மட்டும், "காலப் புடிங்க", "அடுத்தது" என்று பேசினார். ஒரு குட்டி வெற்றிச்செல்வி வைத்திருந்த அவரைக்கொடியைத் தின்றுவிட்டது. அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அதை விரட்டினாள். எல்லாம் முடிந்து பெட்டியை மூடியதும் தர்மன் சொன்னார்.

"உங்க பட்டிக்குள்ள நான் வர மாட்டேங்க. மனசு வரல. உங்க ஆட்டுக்கு ஊசி போட மாட்டேன்னு சொல்லல. ஓட்டிக்கிட்டு வந்தீங்கன்னா போடறேன்."

"சரிங்க" என்றார் நல்லதம்பி.

அதிலிருந்து தடுப்பூசி என்றாலும், பூச்சி மருந்து என்றாலும் மந்தை காலனிக்குப் போகிறது. டீக்கடைக்காரர்களுக்குப் பழகிவிட்டது, இப்போது யாரும் சிரிப்பதில்லை. காலனியில் வெற்றிச்செல்வி முன்கூட்டியே அவரைக்கொடிப் பந்தலைச் சுற்றி முள் போட்டுவிடுகிறாள். நல்லதம்பி மட்டும் இன்னும் குனிந்த தலையோடுதான் போகிறார், குனிந்த தலையோடுதான் வருகிறார்.